எல்லா சில்லும் ஒண்ணு இல்ல பாஸ்!

ஞாயித்துக்கிழமை பேப்பரைப் பிரிச்சா, முதல் பக்கம் முழுக்க ஒரு அப்பார்ட்மென்ட் விளம்பரம் வருமே... பார்த்திருப்பீங்க. பதினாலு மாடி. பால்கனியில பச்சைப் பசேல்னு செடி. கீழே ஒரு நீச்சல் குளம். குளத்துக்குப் பக்கத்துல கூலிங் கிளாஸ் போட்ட அங்கிள் ஒருத்தர் சாய்ஞ்சு படுத்திருப்பார். கட்டடத்துக்கு இன்னும் அஸ்திவாரம்கூட தோண்டியிருக்க மாட்டாங்க. ஆனா, அங்கிள் மட்டும் ஆறு மாசமா அங்கேயே படுத்திருப்பார்!

அந்தப் படம் மொத்தமும் கம்ப்யூட்டர்ல செஞ்சது. 'ரெண்டரிங்'னு பேரு. அடுத்த தடவை பார்க்கும்போது அங்கிளை விட்டுடுங்க, குளத்தோட சுவத்தைப் பாருங்க. நீலக் கலர்ல சின்னச் சின்னக் கட்டம். 'கிளாஸ் மொசைக்'காம். ஆனா, ரெண்டு செகண்ட் உத்துப் பார்த்தா, யாரோ கிராஃப் ஷீட்டுக்கு நீல மை தடவி ஒட்டின மாதிரி இருக்கும். 'இது டுபாக்கூர்'னு கண்ணு உடனே சொல்லிடும். ஏன்னு கேட்டா மட்டும் பதில் வராது.

அந்த 'ஏன்'தான் இந்த வார மேட்டர். ஆர்க்கிடெக்சர், சிவில், விஸ்காம், அனிமேஷன்... நீங்க எந்த குரூப்பா இருந்தாலும் சரி. ரூம்ல சுமாரான ஒரு லேப்டாப்பும், காசில்லாமக் கிடைக்கிற 'பிளெண்டர்' சாஃப்ட்வேரும் இருந்தா போதும். மெக்கானிக்கல் மக்களும் தாராளமா வரலாம், உள்ளே கொஞ்சம் ஃபிசிக்ஸ் இருக்கு!

முதல்ல நிஜ சுவத்தைத் தொட்டுப் பார்ப்போம்

கிளாஸ் மொசைக்னா சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுங்க. கடையில பரவலா கிடைக்கிற சைஸ் 20 மி.மீ.க்கு 20 மி.மீ. கிட்டத்தட்ட நம்ம கட்டைவிரல் நுனி அளவு. இதை ஒவ்வொண்ணா எடுத்து ஒட்டினா மேஸ்திரிக்கு ஆயுசு பத்தாது. அதனால ஃபேக்டரியிலயே ஒரு வலையிலயோ பேப்பர்லயோ ஒட்டி, ஓர் அடிக்கு ஓர் அடி போல ஷீட்டா அனுப்பிடறாங்க. சுவத்துல பசை தடவி ஷீட்டைப் பதிச்சு, துண்டுகளுக்கு நடுவுல இருக்குற சந்துல 'கிரவுட்' அடைச்சு, துணியால துடைச்சா வேலை முடிஞ்சுது.

இங்கேயே ரெண்டு விஷயத்தைக் குறிச்சு வெச்சுக்கங்க. ஒண்ணு, கண்ணாடிங்கறதால ஒளி உள்ளே போகும். பின்னாடி தடவின பசை என்ன கலரோ, அது முன்னாடி தெரியும். அதனாலதான் ஒளி ஊடுருவுற கண்ணாடித் துண்டுக்கு வெள்ளைப் பசைதான் போடணும்னு விவரம் தெரிஞ்ச மேஸ்திரிங்க அடம்பிடிப்பாங்க. சாம்பல் கலர் சிமென்ட்ல ஒட்டினா கடல் நீலம் குட்டை நீலம் ஆயிடும்!

ரெண்டாவது, கிரவுட். இதை யாரும் கண்டுக்கறதே இல்லை. ஒரு கணக்குப் போடுவோமா? துண்டு 20 மி.மீ., சந்து 2 மி.மீ.ன்னு வெச்சுக்கங்க. ஒரு துண்டுக்கும் அதோட சந்துக்கும் சேர்த்து 22-க்கு 22, அதாவது 484 சதுர மி.மீ. இடம். அதுல கண்ணாடி 400. மிச்சம் 84 வெறும் கிரவுட். அதாவது 17 சதவீதம்! துண்டோட சைஸை 10 மி.மீ. ஆக்கினா கிரவுட் 30 சதவீதத்தைத் தாண்டிடும். சுவத்துல மூணுல ஒரு பங்கு போல இருக்குற ஆளை, 'பின்னணியில நடந்து போறவர்' ரேஞ்சுக்கு ட்ரீட் பண்ணினா படம் எப்படிங்க நிஜமா இருக்கும்?

1,500 வருஷத்துக்கு முந்தின 'டெக்ஸ்சர் ஆர்ட்டிஸ்ட்'

இப்போ அப்படியே இத்தாலிக்கு ஒரு ஜம்ப். ஏன்னா, நம்ம கம்ப்யூட்டர் பிரச்னைக்கான பதிலை அங்கே ஒரு கூட்டம் எப்பவோ கையாலயே எழுதி வெச்சிருக்கு.

ரவென்னாங்கற ஊர்ல கல்லா ப்ளசிடியா மவுசோலியம்னு ஒரு சின்னக் கட்டடம். 5-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது. வெளியில இருந்து பார்த்தா செங்கல் வெச்ச குடோன் மாதிரி இருக்கும். உள்ளே தலையைத் தூக்கிப் பார்த்தா, கருநீல வானம் முழுக்க தங்க நட்சத்திரம். எல்லாமே மொசைக். ஜன்னல்ல சாதாரணக் கண்ணாடிக்குப் பதிலா அலபாஸ்டர்ங்கற கல்லை மெலிசா அறுத்து மாட்டியிருக்காங்க. இப்ப இருக்குற கல் 20-ம் நூற்றாண்டுல மாட்டினது. அது வழியா மங்கலா வர்ற வெளிச்சத்துல அந்த வானம் மினுக்கும். அதே ஊர்ல சான் விட்டாலேன்னு ஒரு தேவாலயம், 547-ல பிரதிஷ்டை பண்ணினது. அங்கே ஜஸ்டினியன் ராஜாவும் தியடோரா ராணியும் தங்கப் பின்னணியில ஜம்முனு நிக்கிறாங்க. இந்தக் கட்டடங்கள் 1996-ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்துடுச்சு.

அந்தத் தங்கத் துண்டை எப்படிச் செஞ்சாங்க தெரியுமா? கீழே கனமான ஒரு கண்ணாடி, நடுவுல தங்க ரேக்கு, மேலே ரொம்ப மெலிசா இன்னொரு கண்ணாடி. கிட்டத்தட்ட சாண்ட்விச்! தங்கம் உரசிப் போகாது, கறுக்காது.

ஆனா, நமக்கு வேண்டிய சமாச்சாரம் அது இல்லை. அந்தக் காலத்து கைவினைஞர்கள் ஈரக் காரையில துண்டைப் பதிக்கும்போது எல்லாத்தையும் ஒரே மட்டமா வெக்கலை. ஒவ்வொரு துண்டையும் ஒவ்வொரு பக்கமா லேசா சாய்ச்சு வெச்சாங்க. இது கைதவறினது கிடையாது, தெரிஞ்சே பண்ணின வேலை. குறிப்பா தங்கத் துண்டுகள்ல. எல்லாம் எதுக்கு? நீங்க ஒரு அடி நகர்ந்தா இந்தத் துண்டு அணைஞ்சு பக்கத்துத் துண்டு பத்திக்கும். விளக்கோட சுடர் ஆடினா சுவரே மூச்சு விடற மாதிரி இருக்கும்.

சுவத்தை இழைச்சு இழைச்சு சமமாக்கறதுதான் திறமைனு நாம நெனைச்சுட்டிருக்கோம். அவங்க சமமா இல்லாம பண்றதுக்கு மெனக்கெட்டிருக்காங்க!

ப்ளஸ் டூ ஃபிசிக்ஸ் கைகொடுக்கும்

லேசா சாய்ச்சா அவ்வளவு வித்தியாசம் வருமானு கேக்கறீங்களா? ப்ளஸ் டூ புக்கை ஞாபகப்படுத்திக்கங்க. கண்ணாடியை ஒரு டிகிரி திருப்பினா, அதுல பட்டுத் திரும்புற கதிர் ரெண்டு டிகிரி திரும்பும். ரெண்டு மார்க் கேள்வியா படிச்சு மறந்த அதே சங்கதிதான்.

இதை சுவத்துக்குப் பொருத்திப் பாருங்க. ஒரு துண்டு ஒரே ஒரு டிகிரி சாய்ஞ்சிருக்கு. நீங்க மூணு மீட்டர் தள்ளி நிக்கிறீங்க. அதுல பட்டு வர்ற பல்பு வெளிச்சம் சுமார் 10 செ.மீ. விலகிப் போயிடும். அதாவது, உங்க கண்ணுக்கு வர வேண்டியது காதுக்குப் பின்னாடி போயிடும். அந்தத் துண்டு உங்களுக்கு டல்லா தெரியும், பக்கத்துல நிக்கிற உங்க ஃப்ரெண்டுக்கு பளிச்சுனு தெரியும். எல்லாத் துண்டும் ஒரே மட்டத்துல இருந்தா மொத்த சுவரும் ஒரே கண்ணாடி. பல்பு ஒரே இடத்துல வெள்ளைத் திட்டா விழும். ஆளுக்கு ஒரு பக்கம் சாய்ஞ்சிருந்தா, ஒரு பல்பு நூறு பொட்டா சிதறும்.

விளம்பரத்துல வர்ற குளம் ஏன் செத்த மாதிரி இருக்குனு இப்போ புரியுதா? அதுல கட்டம் இருக்கு, கலர் இருக்கு, சாய்வு இல்லை.

ஃபிசிக்ஸ்ல இன்னொரு பாயின்ட். கண்ணாடியோட ஒளிவிலகல் எண் சுமார் 1.5. நேருக்கு நேரா பார்த்தா, மேல விழற வெளிச்சத்துல 4 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்பும். பக்கவாட்டுல 80 டிகிரிக்குப் போய்ப் பார்த்தா அது 39 சதவீதம் கிட்ட ஏறிடும். ஃப்ரெனெல்ங்கற பிரெஞ்சுக்காரர் பேரை ஃபர்ஸ்ட் இயர்ல பரீட்சைக்குப் படிச்சிருப்பீங்களே, அவர் போட்டுக் கொடுத்த ஃபார்முலாதான். அதனால ஒரே சுவர் உங்களுக்கு எதிர்ல இருக்குற இடத்துல நீலமாவும், ஓரமா நீண்டு போற இடத்துல வானத்தோட கலராவும் தெரியும். இன்னிக்கு இருக்குற ரெண்டரிங் சாஃப்ட்வேர் இதைத் தானே பார்த்துக்கும். 'ஐ.ஓ.ஆர்.' கட்டத்துல 1.5-னு போட்டா போதும். அதை 3-க்கு ஏத்திட்டு, 'ஏன்டா பிளாஸ்டிக் மாதிரியும் இல்ல, கண்ணாடி மாதிரியும் இல்ல'னு புலம்பக் கூடாது!

3 லட்சம் துண்டையும் செய்யணுமா?

மலேசியாவுல ஜோகூர் பாருங்கற ஊர்ல நம்ம தமிழ் ஜனங்க கும்பிடுற ராஜகாளியம்மன் கோயில் இருக்கு. 'கண்ணாடிக் கோயில்'னுதான் அதுக்குப் பேரு. சுவர், தூண், விதானம்னு எங்கே பார்த்தாலும் கண்ணாடி. சுமார் 3 லட்சம் துண்டு ஒட்டியிருக்காங்க. அந்தக் கோயிலை கம்ப்யூட்டர்ல கொண்டுவரணும்னா, 3 லட்சத்தையும் தனித்தனியா மாடல் பண்ணணுமா? லேப்டாப் ஃபேன் ஹெலிகாப்டர் மாதிரி கத்திட்டு அப்பீட் ஆயிடும்.

இதுக்குத்தான் 'டெக்ஸ்சர்'. 1974-ல எட் கேட்முல்ங்கறவர் யூட்டா பல்கலைக்கழகத்துல பிஹெச்.டி. பண்ணும்போது, படத்தைப் பொருள் மேல போர்த்தற டெக்னிக்கைக் கொண்டுவந்தார். பின்னாடி பிக்ஸார் கம்பெனியை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரும் இவர்தான். 1978-ல ஜிம் பிளின் இன்னொரு படி மேலே போனார். பொருள் சமமாவே இருக்கட்டும், வெளிச்சக் கணக்கு போடறப்போ மட்டும் 'இங்கே மேடு, இங்கே பள்ளம்'னு பொய் சொல்லிடலாம்னார். அதுதான் 'பம்ப் மேப்பிங்'. நம்ம சாய்வுக் கதைக்கு இந்தப் பொய்தான் மூலதனம்.

ஆக, மொசைக் டெக்ஸ்சர்னா ஒரு போட்டோ மட்டும் இல்லை. கலர் ஒரு படம். எவ்வளவு வழவழப்புங்கறது இன்னொரு படம்: கண்ணாடி வழவழ, கிரவுட் சொரசொர. எந்தப் பக்கம் சாய்வுங்கறது மூணாவது படம், இதுக்கு 'நார்மல் மேப்'னு பேரு. மூணும் சேர்ந்தாதான் சுவரு. ஒரு டிப்ஸ்: சாய்வும் வழவழப்பும் கலர் கிடையாது, வெறும் எண்ணுங்க. பிளெண்டர்ல அந்த ரெண்டு படத்துக்கும் 'நான்-கலர்'னு மாத்திடுங்க. மாத்தலைன்னா கணக்கு மொத்தமும் கோணலாயிடும்.

குட்டை உடைக்கும் நாலு இடம்

மொசைக் ரெண்டர் பொய்னு கண்ணு கண்டுபிடிக்கறது பெரும்பாலும் இந்த நாலு இடத்துலதான்.

ஒண்ணு, ஃப்ளாஷ். கடையில போய் செல்போன்ல ஃப்ளாஷ் போட்டு மொசைக் ஷீட்டை க்ளிக் பண்றோம். ஃப்ளாஷோட வெள்ளைப் புள்ளி போட்டோவுலயே ஒட்டிக்கும். அதை சுவத்துல போட்டா, லைட்டே இல்லாத மூலையிலயும் அந்தப் புள்ளி மின்னும்! போட்டோ எடுக்கணும்னா மேகமூட்டமான நாள்ல, நிழல்ல, நேரா நின்னு, ஃப்ளாஷ் இல்லாம எடுங்க. பளபளப்பை சாஃப்ட்வேர் போட்டுக்கும்.

ரெண்டு, காப்பி. 15-க்கு 15 துண்டு இருக்குற ஷீட் சுமார் 33 செ.மீ. அதை வெச்சு மூணு மீட்டர் அகலம், 2.7 மீட்டர் உயரம் இருக்குற சுவத்தை நிரப்பினா, ஒரே ஷீட் 72 தடவை வரும். அதுல ஒரு துண்டு மட்டும் கொஞ்சம் கறுப்பா இருந்தா, 72 கறுப்புப் பொட்டு கோலப் புள்ளி மாதிரி வரிசையா நிக்கும். பரீட்சையில பிட் அடிச்சவனை, தப்பும் அதே தப்பா இருக்குறதை வெச்சுத்தானே பிடிக்கிறாங்க? அதே கேஸ்.

மூணு, சைஸ். 20 மி.மீ. துண்டை 10 செ.மீ.க்கு இழுத்து வெச்சுட்டா, பாத்ரூம் பொம்மை வீடு மாதிரி ஆயிடும். சுவத்துல ஒரு சுவிட்ச் போர்டை மாடல் பண்ணி வெச்சு, அதோட ஒப்பிட்டுப் பாருங்க. தப்பு உடனே தெரியும்.

நாலு, வெட்டவெளி. கண்ணாடிக்குன்னு சொந்த முகம் கிடையாது, எதிர்ல இருக்குறதைத்தான் காட்டும். எதிர்ல ஒண்ணுமே வெக்காம ஒரே ஒரு லைட்டைப் போட்டுட்டு 'பளபளப்பு வரலை'னு அழுதா எப்படி? 360 டிகிரி வெளிச்சப் படங்கள் இருக்கு, 'ஹெச்.டி.ஆர்.ஐ.'னு பேரு. பாலி ஹேவன் மாதிரி இடங்கள்ல இலவசமாவே கிடைக்குது. அதுல ஒண்ணைச் சுத்திலும் போர்த்துங்க. சுவத்துக்கு உயிர் வரும்.

'ஃப்ளோர்' தெரியுமா? அப்ப முடிஞ்சுது!

இப்போ அந்த ரவென்னா ஆளுங்க கையால பண்ணினதை நாம எப்படிப் பண்றது? சி ப்ரோக்ராமிங் லேப்ல 'ஃப்ளோர்'னு ஒரு ஃபங்ஷன் படிச்சீங்களே, தசமத்தைத் தூக்கிப் போட்டுட்டு முழு எண்ணை மட்டும் கொடுக்குமே... அதேதான்.

நம்ம மூணு மீட்டர் சுவத்துல, 22 மி.மீ.க்கு ஒரு துண்டுன்னா குறுக்கே 136, நெடுக்கே 122. மொத்தம் 16,592 துண்டு. சுவத்துல இருக்குற ஒவ்வொரு புள்ளிக்கும் 0-ல இருந்து 1 வரைக்கும் ஒரு முகவரி இருக்கும். 'யு.வி.'னு சொல்வாங்க. அதை 136-ஆலயும் 122-ஆலயும் பெருக்குங்க. ஃப்ளோர் எடுங்க. வர்ற முழு எண்தான் அந்தத் துண்டோட ரோல் நம்பர்! துண்டுக்குள்ள எந்தப் புள்ளியைக் கேட்டாலும் அதே ரோல் நம்பர்தான் வரும்.

அந்த ரோல் நம்பரை 'ஒயிட் நாய்ஸ்'ங்கற நோடுக்குள்ள விடுங்க. ஒவ்வொரு ரோல் நம்பருக்கும் ஒரு குருட்டாம்போக்கு எண்ணைக் கொடுக்கும். இனிமே உங்க ராஜ்ஜியம். அதுல இருந்து 0.5-ஐக் கழிச்சு, 0.05-ஆல பெருக்கி, சுவத்தோட நார்மல்ல கூட்டிடுங்க. கடைசியில 'நார்மலைஸ்' பண்ண மறந்துடாதீங்க. ஒவ்வொரு துண்டும் ஒன்றரை டிகிரி போல ஏதோ ஒரு பக்கம் சாய்ஞ்சுக்கும். அதே குருட்டு எண்ணை வெச்சு கலரையும் துளியூண்டு ஏத்தி இறக்குங்க. கண்ணாடியை ஒவ்வொரு கொதியா உருக்கி எடுக்கும்போது கலர் அப்படித்தான் லேசா மாறும்.

கிரவுட்டா? ஃப்ளோர் எடுத்தப்போ தூக்கிப் போட்டோமே தசமம், அதைப் பொறுக்குங்க. பிளெண்டர்ல 'ஃப்ராக்ஷன்'னு இருக்கும். சந்து 22-ல 2, அதாவது 9 சதவீதம். ரெண்டு பக்கமும் பாதிப் பாதி. தசமம் 0.045-க்குக் கீழேயோ 0.955-க்கு மேலேயோ இருந்தா அது கிரவுட், நடுவுல இருந்தா கண்ணாடி. அவ்வளவுதான். போட்டோவே இல்லாம ஒரு மொசைக் சுவர் ரெடி. காப்பி பிரச்னையும் காலி.

ஒண்ணு சொல்லிடறேன். ஆர்வக்கோளாறுல சாய்வை 10 டிகிரிக்கு ஏத்திடாதீங்க. சுவர் டிஸ்கோ பால் ஆயிடும். பழைய சுவத்துல மினுமினுப்பு மெதுவா வர்றதாலதான் அழகு.

'டியூப்லைட் போட்டா எப்படிப்பா இருக்கும்?'

சரி, ஒரு சுவத்துக்கு எதுக்கு இவ்வளவு அக்கப்போர்? மார்க்கா, பிளேஸ்மென்ட்டா? அதுக்கும்தான். ஆனா, எங்க கேம்பஸ்ல ஆர்க்கிடெக்சர் படிக்கிற ஒரு சீனியர் அண்ணன் சொன்ன கதையைக் கேளுங்க.

பார்ட் டைமா ஒரு சின்ன ஆபீஸுக்கு ரெண்டர் பண்ணிக் கொடுத்துட்டிருந்தார். ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தர், பி.எஃப். பணத்துல வீடு கட்டறார். பூஜை ரூம்ல ஒரு சுவர் முழுக்க தங்கக் கலர் மொசைக் போடலாம்னு ஆபீஸ்ல சொல்லியிருக்காங்க. அண்ணன் படம் பண்ணினார். 'இன்னும் கொஞ்சம் ஏத்துப்பா, பார்ட்டி அசந்துடணும்'னு ஆர்டர். ஜன்னலே இல்லாத ரூமுக்குள்ள சாயங்கால வெயில் சாய்வா வந்து விழுந்துச்சு. சுவர் தகதகன்னு ஜொலிச்சுது.

வாத்தியார் படத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். "ராத்திரி டியூப்லைட் போட்டா எப்படிப்பா இருக்கும்?"னு கேட்டார். ஆபீஸ்ல, "இதே மாதிரிதான் சார்"னாங்க. அண்ணனுக்கு மனசு கேக்கலை. அன்னிக்கு ராத்திரியே பிளான்ல இருக்குற மாதிரி ரூமைப் பண்ணி, ஜன்னலை எடுத்துட்டு, மேலே ஒரே ஒரு டியூப்லைட்டை மாட்டி ரெண்டர் விட்டார். தங்கம் மங்கிப்போய் கடுகு எண்ணெய் கலருக்கு வந்துடுச்சு. வராம? எதிர்ல இருக்குறது க்ரீம் கலர் சுவரும் இருட்டும். தங்கம் வேற எதைக் காட்டும்? மூணாவதா ஒரு படமும் பண்ணினார். டியூப்லைட்டை அணைச்சுட்டு, கீழே ஒரு குத்துவிளக்கு. மாடத்தைச் சுத்தி மட்டும் துண்டுங்க பொட்டுப் பொட்டா மினுங்குச்சு.

மறுநாள் மூணு படத்தையும் வாத்தியார் முன்னாடி வெச்சார். அவர் மாடத்தைச் சுத்தி ஒரு முழ அகலத்துக்கு மட்டும் மொசைக் போதும்னுட்டார். மிச்சக் காசுல சமையல் ரூமுக்கு அலமாரி. குத்துவிளக்குப் படத்தை மட்டும் ஒரு பிரின்ட் போட்டுக் கொடுக்கச் சொல்லி வாங்கிட்டுப் போனாராம்.

அடுத்த மாசம் அந்த ஆபீஸ்ல இருந்து அண்ணனுக்கு போன் வரலை. அதுக்கு அடுத்த மாசமும் வரலை. "செமஸ்டர் ஃபீஸுக்கு அந்தக் காசைத்தான்டா நம்பியிருந்தேன்"னு சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். ஆனா, சிரிப்பு கொஞ்சம் லேட்டா வந்துச்சு.

பாருங்க, சினிமாவுல, கேம்ஸ்ல சுவர் பொய்யா இருந்தா யாருக்கும் நஷ்டம் இல்லை. அங்கே அது கதை. ஆனா, ஒருத்தர் சேத்து வெச்ச காசை எடுத்துக் கட்டப்போற சுவத்தோட படம், கிட்டத்தட்ட ஒரு வாக்குறுதி. அவருக்கு பிளான் படிக்கத் தெரியாது, செக்‌ஷன் புரியாது. நாம கொடுக்குற படம் ஒண்ணுதான் அவருக்குப் புரியுற பாஷை. நார்மல் மேப்பும் கிரவுட் அகலமும் சரியா இருக்கணும்ங்கறது அழகுக்காக மட்டும் கிடையாது பாஸ். அந்த இடத்துல நீங்க இருந்தா டியூப்லைட் படத்தைக் காட்டுவீங்களா? பதிலை உங்க பாக்கெட்டுலயே வெச்சுக்கங்க.

'இதெல்லாம் ஏ.ஐ. பண்ணிடுமே?'

கேப்பீங்கனு தெரியும். 'தங்க மொசைக் பூஜை ரூம்'னு டைப் பண்ணினா சில செகண்ட்ல அசத்தலா ஒரு படம் வரும். மறுக்கலை. ஆனா, அந்தப் படத்தைக் கையில வெச்சுக்கிட்டு மேஸ்திரி, "தம்பி, துண்டு 10 மில்லியா 20 மில்லியா? எத்தனை ஷீட் வாங்கட்டும்? கிரவுட் என்ன கலர்?"னு கேட்டா முழிக்கணும். அதுல வந்தது பார்க்க மொசைக் மாதிரி இருக்குற படம். உங்க சுவத்தோட அளவும், உங்க ரூமோட வெளிச்சமும் அதுக்குத் தெரியாது. ஐடியா பிடிக்க அதை வெச்சுக்கங்க, அளவுக்கு நம்பாதீங்க. கேக்கற கேள்விக்கெல்லாம் பதில் சொல்ற சுவர் வேணும்னா, 136-ஐயும் 122-ஐயும் நீங்கதான் போட்டாகணும்.

இந்த வாரத்துக்கு ஹோம்வொர்க்

ரொம்ப இல்லை, மூணே மூணு. முதல்ல, உங்க ஊர் டைல்ஸ் கடைக்குப் போய் ஒரு மொசைக் ஷீட்டைக் கையில வாங்கி, முகத்துக்கு நேரா பிடிச்சு லேசா ஆட்டிப் பாருங்க. எந்தத் துண்டு எப்போ பத்திக்குதுனு கவனிங்க. 'வாங்கலையா தம்பி?'னு கடைக்காரர் முறைச்சா 'ப்ராஜெக்ட் சார்'னு சொல்லுங்க, எந்தக் கடையிலயும் செல்லுபடியாகற மந்திரம் அது.

ரெண்டாவது, மேலே சொன்ன ஃப்ளோர் வித்தையை பிளெண்டர்ல போட்டு, சாய்வு இல்லாம ஒரு ரெண்டர், சாய்வோட ஒரு ரெண்டர் எடுங்க. ரூம்மேட்கிட்ட எதுவும் சொல்லாம ரெண்டையும் காட்டி, 'எது போட்டோ?'னு மட்டும் கேளுங்க.

மூணாவது, அதே சுவத்தை மத்தியானம், சாயங்காலம், டியூப்லைட்னு மூணு வெளிச்சத்துல எடுத்து வைங்க. போர்ட்ஃபோலியோவுல ஒரே சுவத்தோட மூணு படம் இருந்தா, இன்டர்வியூவுல உக்காந்திருக்கறவர் நிச்சயம் ஒரு கேள்வி கேப்பார். அந்தக் கேள்விக்கு உங்ககிட்ட பதில் இருக்கு.

ரெண்டர் பட்டனை அமுக்கிட்டு அங்கேயே உக்காந்து பார்க்காதீங்க. கண்ணாடிக்கு நேரம் எடுக்கும். மெஸ்ல இன்னிக்கு உப்புமாவாம். போய் அதை முடிச்சுட்டு மெதுவா வாங்க, ரெண்டும் ஒரே நேரத்துலதான் இறங்கும்!

அடுத்த வாரம்... மழை பேஞ்ச தார் ரோடு ராத்திரியில ஏன் கறுப்பா பளபளக்குது, அதை கம்ப்யூட்டர்ல எப்படி நனைக்கிறது? குடையோட வாங்க!